கொட்டாய்

காளஹஸ்தியிலிருந்து வந்த சந்திரசேகர் மூன்று நாளாகப் புத்தூர் ரோட்டோரம், மகன் செத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். பைக்கில் பெட்ரோல் தீர்ந்துபோய், மகன் நிதினை அங்கே நிறுத்திவிட்டுப் பெட்ரோல் பங்க்குக்கு நடந்து போயிருக்கிறார். திரும்புவதற்குள் ஏதோ வண்டி பையனை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

எந்த வண்டி என்று பக்கத்து ஊர்க் கலைவாணிக்குத் தெரியும். அவள் புருஷன் தரணி மாங்காய் ஏற்றிப்போன டிராக்டர். ஊருக்கே தெரியும். அதே வாரம் அதைக் கர்நாடகா பக்கம் விற்றாயிற்று.

"அந்த ஆள இட்டாந்து சோறு போடுங்க," என்றார் ஊர்ப் பெரியவர் முனிரத்தினம். "நம்ம சோத்தத் துன்னவன் நம்ம மேல கேஸ நடத்தமாட்டான்."

முதல் நாள் கலைவாணிதான் களி வைத்தாள். அவர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. ஊர் அவரை விடவில்லை. வீட்டுக்கு ஒரு வேளை என்று முறை வைத்துக்கொண்டார்கள். மோட்டார் மெக்கானிக் என்று தெரிந்ததும் போர்வெல் மோட்டார்களை அவரிடம் கொண்டுவந்து போட்டார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி சொன்ன கேலிக்கு வாய்விட்டுச் சிரித்தவர், சிரித்துவிட்டோமே என்று அழுதார். பெண்களெல்லாம் கூடவே அழுதார்கள். அந்த அழுகையில் பொய் இல்லை. அதைத்தான் கலைவாணியால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், தரணியோடு உட்கார்ந்து சாப்பிடும்போது சந்திரசேகர் சொன்னார்.

"கேஸு வேணாம்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன், தங்கச்சி. எவன் அடிச்சானோ, அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும். இருந்துட்டுப் போவட்டும்."

"அண்ணா..." என்று ஆரம்பித்தாள் கலைவாணி. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்தது தொண்டைவரை வந்துவிட்டது.

"அண்ணனுக்கு ரசம் ஊத்து," என்றான் தரணி, தலை நிமிராமல்.

ஊற்றினாள்.

"அங்க எனக்கு யாரு இருக்கறா? இங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன்," என்றார் சந்திரசேகர்.

"நம்ம பின்னாடி கொட்டாய் சும்மாதான கெடக்குது. அதுல இருண்ணா," என்றான் தரணி. அவன் குரல் கூடப் பிசகவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊர் கூடிக் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தது. முனிரத்தினம் ஒரு ஃபேன் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் கலைவாணி சாப்பாட்டோடு போனபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். டிராக்டர் நின்ற இடத்தில், எத்தனை கழுவியும் போகாத ஆயில் கறையின் மேல் பாயைப் போட்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரி தூங்கினார். தட்டைக் கையில் பிடித்தபடி அவள் வாசலிலேயே நின்றாள்.