கழுவிய கண்ணாடி

அப்பாவின் கருமாதிக்கு முதல் நாள் கோவிந்தாபுரம் வந்து சேர்ந்த ரத்தினசாமியின் பைக்குள் துணி சுற்றிய ஒரு கண்ணாடித் தட்டு இருந்தது. அவன் வேலை பார்த்த வானாய்வகத்தின் தொலைநோக்கியில் எடுத்த படம் அது. ஓரத்தில் கடுகளவுகூட இல்லாத ஒரு கறை. பூமி உண்டாகும் முன்பே புறப்பட்ட வெளிச்சம், யாரும் இதுவரை காணாத தூரத்து விண்மீன் மண்டலம் என்று அவன் சத்தியம் செய்தான். மேலதிகாரி "தூசி" என்று முடித்துவிட்டார். இனி தொலைநோக்கிப் பக்கம் வராதே என்றும் சொல்லிவிட்டார். பெங்களூர்ப் பேராசிரியர் ஒருவர் மட்டும், தட்டைக் கொண்டு வந்தால் பார்க்கிறேன் என்றிருந்தார். அவனுடைய பிழைப்பும் பெயரும் அந்தக் கறையை நம்பித்தான் இருந்தன.

அய்யனுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தபோது, பல இரவுகள் எடுக்க வேண்டிய அந்தப் படம் பாதியில் இருந்தது. முடித்துவிட்டுப் போகலாம் என்று தங்கினான். கிழவர் காத்திருக்கவில்லை.

அண்ணன் சென்னியப்பன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாப்பிடும்போதுதான் கேட்டார்: "பையில என்னடா, அத்தனை பதனமா வெக்கறே?"

மடையன், எல்லாவற்றையும் கொட்டினான். சுடுதண்ணீர் பட்டால் படம் பதிந்த பூச்சு கரைந்து வெறும் கண்ணாடியாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

மறுநாள் காலை வாய்க்காலில் தலை முழுகிவிட்டு வந்தால், பை திறந்து கிடந்தது. கூடத்தில் மாலை போட்ட அய்யனின் படம். அதன் கண்ணாடி பளிச்சென்றிருந்தது.

"சட்டத்துக்குக் கண்ணாடி இல்லீங்க தம்பி," என்றாள் அண்ணன் மனைவி காளியாத்தாள், தலை நிமிராமல். "அவருதான் கொதிக்கற தண்ணி ஊத்திக் கழுவச் சொன்னாரு."

ரத்தினசாமி விருட்டென்று திரும்பினான். அண்ணனைப் பார்த்தான்.

"கண்ணை மூடற வரைக்கும் அய்யன் வாசலையே பாத்துட்டுக் கெடந்தாரு," என்றார் சென்னியப்பன் நிதானமாக. "அந்த வெளிச்சம் நாளைக்கும் வரும், போய்ப் பாத்துக்க. இவரு வருவாரா? உழுந்து கும்புடு."

உறவு முழுக்கக் கூடி நின்றது. ரத்தினசாமி விழுந்தான். விழுந்தவன் எழவில்லை, தேம்பித் தேம்பி அழுதான்.

"அய்யன் மேல எத்தனை உசுரு பாருங்க," என்று ராசம்மாள் அத்தை மூக்கைச் சிந்தினாள்.

அந்த அழுகை யாருக்கு என்று சென்னியப்பனுக்கு மட்டும் தெரியும். அவர் குனிந்து தம்பியின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.