லிப்ட்காரரின் இருமல்

"காய்ச்சல் வார்டு எந்த மாடிப்பா?" என்று அந்த அம்மாள் நான்காவது தடவையாகக் கேட்டபோது, லிப்ட்காரர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். மூன்று தடவை துணிக்குள்ளிருந்தே சொல்லிப் பார்த்தாயிற்று. அவளுக்குக் காது மந்தம். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள் போலிருந்தது.

"அஞ்சாவது மாடிம்மா. இறங்கி இடது கைப்பக்கம்."

அவள் முகம் தெளிந்தது. "நல்லா இருப்பா" என்றவள், வாயைப் பொத்தவும் அவகாசமில்லாமல் அவர் முகத்துக்கு நேரே இருமினாள்.

அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை மாலை வேலை முடிந்து நடக்கும்போது அவருக்குத் தொண்டையில் முள் உறுத்துவதுபோல் இருந்தது. உடம்பும் லேசாகச் சுட்டது.

வீட்டில் மகள் பெற்ற பேத்தி இருந்தாள். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்தவள். தாயின் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே முழுசாக அடங்குவாள். "இவளுக்குச் சாதாரண சளிகூட சாதாரணமில்ல. வீட்டுக்குப் போய் ஒரு மாசமாவது இருமுறவங்க யாரும் கிட்ட வரக்கூடாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினார். லிப்ட்காரரின் வேலையோ, ஆஸ்பத்திரியின் அத்தனை இருமலும் ஏறி இறங்குகிற ஓர் இரும்புப் பெட்டிக்குள். அன்றிலிருந்து பொத்தான்களைப் பேனா மூடியால் அழுத்தினார். கூட்டம் ஏறினால் சுவரைப் பார்த்து நின்றார். வீட்டுக்கு வந்ததும் பின்பக்கக் குழாயடியில் குளித்து, உடை மாற்றி, வாசல் நிலையில் சாய்ந்தபடி குழந்தையைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமையோடு மாசம் முடிகிறது. அன்று காலை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மனைவி உத்தரவு கொடுத்திருந்தாள்.

தூசியாக இருக்கும் என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. நாள் முழுக்க நின்ற அலுப்பு, அதில் உடம்பு சுடாமல் என்ன செய்யும்? இரண்டு நாள் வெந்நீர் குடித்தால் போய்விடும். யாருக்குத் தெரியப்போகிறது? வீட்டுக் கதவுவரை வந்துவிட்டார். கொடியில் காயும் சின்னச் சின்னத் துணிகளைப் பார்த்ததும் கால் நகரவில்லை. 'கடவுளே, எனக்குத் தைரியம் கொடு' என்று கேட்டுக்கொண்டு தெருவுக்கே திரும்பி வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, கதவுகிட்ட செருப்புச் சத்தம் கேட்டுச்சு, தெருவுல நின்னு போன் பண்றீங்க? உள்ள வர்ற வழி மறந்துபோச்சா?"

"தொண்டை கட்டிருக்கு. லேசா சுடுது."

"மாஸ்க் போட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார்.

"ஏங்க, கையில அஞ்சு விரலு எதுக்குங்க இருக்கு? அஞ்சுன்னு காட்டியிருந்தா முடிஞ்சுபோச்சே!"

இருபத்திரண்டு வருஷமாக வாயால் மாடி சொன்னவர் அவர். "அது அப்ப தோணவே இல்லையே" என்றார். மறுமுனையில் அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை.

மாடிப்படியில் நின்றிருந்த மாடி வீட்டுத் தையல்காரர் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு ஒரு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. தையல்காரர் மேலே போனார். துணி மூட்டைகளை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சாவியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார்.

"அண்ணே, மொட்டைமாடி ரூமை ஒழிச்சுட்டேன். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க. கிட்ட வந்து நன்றி மட்டும் சொல்லிடாதீங்க."

லிப்ட்காரர் தூரத்திலிருந்தே கைகூப்பினார்.

மறுநாள் காய்ச்சல் நன்றாகவே பிடித்தது. டாக்டரம்மா போனிலேயே மாத்திரை சொன்னார். மனைவி சாப்பாட்டை மேல்படியில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு இறங்கிவிடுவாள். கயிறு போட்டு முறுக்கியதுபோல் எலும்பெல்லாம் இறுகி வலித்தது. கீழே குழந்தை அழுதால் எழுந்து உட்கார்வார். அழுகை நின்றதும் படுப்பார். வீட்டில் வேறு யாருக்கும் சுடவில்லை என்று மகள் காலையும் மாலையும் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது.

"அப்பா, பேசாதீங்க. சும்மா கேளுங்க."

மகள் போனைக் குழந்தையின் வாயருகே வைத்திருந்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூச்சு வந்தது. சின்னதாக, விட்டுவிட்டு, நடுவில் ஒரு விக்கலோடு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் முட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று போனைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்தார். சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்கைக்குள் முகத்தைப் புதைத்து, அடங்கும்வரை இருமினார். பிறகு போனைத் துண்டால் நன்றாகத் துடைத்து, மறுபடியும் காதருகே கொண்டுவந்தார்.