சைகலுக்கு ஒரு மகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சைகலின் வீட்டில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

வாசலுக்கு நேர் எதிரே, பெரியவர்களுக்கு உரிய இடத்தில், மெத்தை அடுக்கில் சாய்ந்திருந்தவர் ஷர்ஷென். சைகலின் கணவன் உயிரோடு இல்லாததால் வீட்டின் நல்லது கெட்டதுகளுக்கு அவனுடைய அண்ணனான இவர்தான் தலைவர். பெண் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கப் போவதற்காக உயரமான வெள்ளைத் தொப்பியை இப்போதே மாட்டியிருந்தார். வலப்பக்க மூலையில் பூப்போட்ட திரை. திரைக்குப் பின்னால், காலையில் பேருந்து நிறுத்தத்திலிருந்து தூக்கிவரப்பட்ட பெகாயிம். திரையின் ஓரத்தில், மடியில் வெள்ளைத் தலைத்துணியை வைத்துக்கொண்டு சைகலின் நாத்தனார் ஜூரா. அதைப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டால் கல்யாணத்துக்குச் சம்மதித்ததாகக் கணக்கு. வாசற்படியில் குமுஷ் கிழவி இருந்தாள். அவள் உட்காரவில்லை, படியின் குறுக்கே கம்பளம் விரித்துப் படுத்திருந்தாள். படுத்திருக்கும் கிழவியைத் தாண்டிப் போகிற பெண்ணுக்கு வாழ்வு விளங்காது என்பது அங்கே நம்பிக்கை. ஆகவே கல்யாணத்துக்குப் பெண்ணைத் தூக்கிவருகிற வீடுகளில் எல்லாம் ஆட்டை அறுப்பதற்கு முன்னால் குமுஷுக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள். தூக்கிவந்த சைகலின் மகன் திலெக்கும் அவனுடைய கூட்டாளி மக்சத்தும் முற்றத்தில், கார் பக்கத்தில் நின்றார்கள்.

சைகல் எங்கேயும் உட்காரவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கறியைக் கிளறுவதும், கிளறியதையே மறுபடி கிளறுவதுமாக இருந்தாள். இந்தச் சமாச்சாரத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. "பால் கறந்து கறந்து என் விரல் மரத்துப்போச்சுடா, பனி விழறதுக்குள்ள ஒரு மருமகளைக் கொண்டா" என்று கோடை முழுக்க மகனைக் குடைந்தவள் அவள்தான். மகன் கொண்டுவந்துவிட்டான். கார்க் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. மக்சத்தின் கையில் பல் பதிந்திருந்தது.

"பாட்டி, கொஞ்சம் காலை மடக்குங்க, விறகு எடுத்துட்டு வரணும்" என்றாள் சைகல்.

"மடக்கினா திரும்ப நீட்ட முடியாதுடி. தாண்டிப் போ. உனக்குத்தான் வாழ்வு முடிஞ்சு போச்சே" என்றாள் குமுஷ். "ஒரு தலையணை கொடுக்கக் கூடாதா? குளிர் இடுப்புல ஏறுது. இந்தப் பொண்ணு சட்டுபுட்டுன்னு சம்மதிச்சா நான் எழுந்து ரெண்டு துண்டு கறி தின்பேன்."

திரைக்குள் மறுபடி தடபுட சத்தம். வெள்ளைத் துணி பந்தாகச் சுருண்டு வெளியே வந்து விழுந்தது. ஜூரா மூச்சிரைக்க அதை எடுத்து உதறினாள்.

"ராங்கிக்காரி! ரொட்டியும் தொடல, டீயும் தொடல. இந்தா பாரும்மா பெகாயிம், உன்னை மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு. அழாம வந்தவ யாரு? கல்லு விழுந்த இடத்துலதான் கனம், பொண்ணுக்கும் வந்த வீட்டுலதான் மதிப்பு. தாளும் பேனாவும் வச்சிருக்கேன். 'என் இஷ்டப்படிதான் வந்தேன், மன்னிச்சிடுங்க'ன்னு அப்பாவுக்கு ரெண்டு வரி எழுது, போதும்."

"எழுதுறேன். என் இஷ்டம் என்னவோ அதை எழுதுறேன். உங்க வீட்டுப் பெரியவர் கொண்டுபோய்க் கொடுப்பாரா?" என்றது உள்ளேயிருந்து குரல். கத்தியிருந்ததால் தொண்டை கட்டியிருந்தது; ஆனால் அழுகை இல்லை.

ஷர்ஷென் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "சைகல், மாமியாக்காரி நீ போய்ப் பேசு. இருட்டறதுக்குள்ள நான் கிளம்பணும். இன்னிக்கு ராத்திரி இங்க தங்கிட்டான்னா அப்புறம் அவங்க வீட்டுலயே கூப்பிட மாட்டாங்க."

அதைக் கேட்டதும் சைகலின் கையிலிருந்த கரண்டி நின்றது. பொழுது சாய்வதற்குள் என்ன நடக்கிறதோ அதுதான் இந்தப் பெண்ணின் ஆயுசு. கையைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கி உள்ளே போனாள்.

பெகாயிம் சுவரோடு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெடுநெடுவென்று உயரம். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. மற்றது கார்க் கண்ணாடியோடு போயிற்று.

"நீங்களும் துணி கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. கையில ஒண்ணும் இல்ல, பாரு." சைகல் எதிரில் மண்டியிட்டாள். "என்ன படிக்கிற?"

"கால்நடை வைத்தியம். தலைநகர்ல. உருளைக்கிழங்கு தோண்ட ஊருக்கு வந்தேன். நாளைக்குப் பரீட்சை."

"என் பையனைத் தெரியுமா உனக்கு?"

"ஒரு தடவை எங்க வயல் வழியாப் போனாரு. கிழங்கு என்ன விலைன்னு கேட்டாரு. அவ்வளவுதான்."

"நீ அவனைப் பார்த்துச் சிரிச்சியாம். அதையே நாலு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கான்."

பெகாயிம் நிமிர்ந்து பார்த்தாள். "வேலி தாண்டறப்போ அவரு கால்சட்டை பின்னாடி கிழிஞ்சிடுச்சு. அவருக்குத் தெரியல. மரியாதையா விலை பேசிட்டு, திரும்பி நடந்தாரு பாருங்க..."

சைகலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். பெகாயிமின் உதடும் ஒரு கணம் கோணிற்று. வெளியே ஜூரா, "ஆங், சிரிக்கிறாங்க! பொண்ணு இறங்கி வந்துட்டா!" என்று அறிவித்தாள். உடனே பெகாயிமின் முகம் இறுகிவிட்டது.

"நீங்க எப்படி வந்தீங்க இந்த வீட்டுக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வைக்கோல் லாரியில."

"உங்களைக் கேட்டாங்களா?"

அந்த லாரியில் தலைமுடிக்குள் போன வைக்கோல் துரும்புகூடச் சைகலுக்கு நினைவிருந்தது. இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

விட்டுவிடலாம் என்று முடிவு செய்வது பெரிய காரியமில்லை. ஆனால் விட்டால் மட்டும் போதாது. 'ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பியவள்' என்ற பேச்சு இவளை விடாது. திலெக் மறுபடி தூக்கலாம். இல்லையென்றால் இவள் அப்பாவே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகலாம். யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சாக ஒன்று போட வேண்டும். சைகல் யோசித்தாள். பிறகு பெண்ணின் காதருகே குனிந்து நெடுநேரம் பேசினாள்.

"...இதுதான் என் யோசனை. உனக்குச் சம்மதமா? வேண்டாம்னா வேற வழி பார்ப்போம். உன்னைக் கேட்டுட்டுத்தான் செய்வேன்."

"காலையிலிருந்து இந்த வீட்டுல என்னை யாராவது ஒண்ணு கேட்டது இப்பத்தான்" என்றாள் பெகாயிம். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. "சம்மதம்."

சைகல் திரையை முழுக்க ஒதுக்கினாள். "அத்தான், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. பாட்டி, நீங்க இங்க பாருங்க. அண்ணி, நீங்களும்." மேல்சட்டைப் பொத்தானைக் கழற்றினாள். பெகாயிமின் தலையை அணைத்து, தன் மார்பில் அவள் உதடு படும்படி வைத்தாள். "இவ என் மார்பைத் தொட்டா. இன்னிலேருந்து இவ எனக்கு மகள். திலெக்குக்குத் தங்கச்சி."

ஜூரா அலறினாள்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு! அந்த மார்புல பால் வத்திப் போய் இருபது வருஷம் ஆச்சு!"

"சடங்கை வாளியால அளப்பாங்களாடி?" என்றாள் குமுஷ். கம்பளத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு இடுப்பு வலி மறந்துபோயிருந்தது. "உங்க முப்பாட்டன் எப்படிப் பகை தீர்த்தானாம்? எதிராளியோட தாய் மார்புல வாய் வச்சு மகனானான். அந்தக் கிழவிக்கு எண்பது வயசு. அவளுக்கு மட்டும் பால் பொங்கிக்கிட்டிருந்துச்சாக்கும்! ஷர்ஷென், நீதானே ஒரு விருந்து விடாம இந்தக் கதையைச் சொல்ற?"

ஷர்ஷென் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருடைய குலப்பெருமை முழுவதும் அந்த ஒரு கதையில்தான் இருந்தது. அது செல்லாது என்றால் முப்பாட்டன் பகைவனாகவே செத்ததாக ஆகிவிடும். தாடியை உருவினார், பெருமூச்சு விட்டார்.

"செல்லும்" என்றார். "கூடப்பிறந்தவளைக் கட்ட முடியாது. ஆட்டை வேற அறுத்தாச்சு."

"மகள் வந்தா ஆடு அறுக்கக் கூடாதா?" என்று குமுஷ் எழுந்து உட்கார்ந்தாள். "நான் இனிமே ஏன் படுத்துக் கிடக்கணும்? கை கொடுங்கடி யாராவது."

கை கொடுத்துத் தூக்கிவிட்டவள் பெகாயிம்.

முற்றத்துக்குச் சைகல் தனியாகப் போனாள். திலெக் ஓடிவந்தான். "துணி கட்டியாச்சாம்மா?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. பிறகு கார் சக்கரத்தை உதைத்தான். "நீதானே கொண்டான்னு சொன்னே!"

"சொன்னேன். கேட்டுக் கொண்டான்னு சொல்லல. அது என் தப்பு. கேட்காம விட்டது உன் தப்பு."

"நீயும் இப்படித்தான் வந்தே. அப்பா உன்னை நல்லா வச்சுக்கலியா?"

"வச்சுக்கிட்டார்டா. சாகற வரைக்கும் குறை வைக்கல. ஆனா லாரியில நான் அழுத அழுகை அழுததுதான். அதை அவராலயும் எடுக்க முடியல." அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "நீ எனக்கு ஒரே பிள்ளை. உன்னைப் பார்த்து ஒரு பொண்ணு ஆயுசு முழுக்க பயப்படறதை நான் இந்த வீட்டுல இருந்துக்கிட்டுப் பார்க்க மாட்டேன்."

அவன் போய்க் கொட்டிலிலிருந்து இரண்டு குதிரைகளை அவிழ்த்து வந்தான். அந்தக் காரில் அவள் இனி ஏறமாட்டாள் என்பது யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்திருந்தது. சாதுவான குதிரைக்கு இரண்டு கம்பளம் போட்டுச் சேணத்தை இறுக்கினான். பெகாயிம் வெளியே வந்தபோது குதிரையின் அந்தப் பக்கமாக நகர்ந்து, தலையைக் குனிந்து நின்றுகொண்டான்.

ஆனால் குதிரையில் அக்கரையிலிருக்கும் பெகாயிமின் ஊர் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் அவள் அப்பா அரிவாளோடு கிளம்பியிருப்பார். அல்லது விதி என்று தலையாட்டிச் சீர்ப்பெட்டியைக் கட்டத் தொடங்கியிருப்பார். இரண்டில் எதுவானாலும் கெடுதல். அஞ்சலகத் தொலைபேசிக்கு ஞாயிறு விடுமுறை. ஆகவே கார் முன்னால் போக வேண்டும். கடிதத்தோடு போக வேண்டும். சைகல் உட்கார்ந்தாள். அன்று அவள் உட்கார்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

"மதிப்புக்குரிய ஜான்கசி அவர்களுக்கு, சைகல் எழுதுவது. உங்கள் மகளை என் மகன் இன்று காலை அவள் விருப்பத்துக்கு மாறாகத் தூக்கிவந்தான். பெண் கொண்டுவா என்று அவனைத் தூண்டியவள் நான். அவள் தலையில் துணி கட்டவில்லை. அவள் எங்கள் ரொட்டியைத் தொடவில்லை. சாட்சிகள் முன்னிலையில் என் மார்பைத் தொட்டு எனக்கு மகளாகியிருக்கிறாள். அவளை இப்போது நானே அழைத்து வருகிறேன். அவளைத் திட்ட வேண்டாம், நாளைய பரீட்சைக்கு அனுப்பிவையுங்கள். காவல் நிலையத்துக்குப் போவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். போனால், நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுவேன்."

ஷர்ஷென் தோள்வழியே எட்டிப் படித்துக்கொண்டிருந்தார். "கடைசி வரியை அடிச்சிடு சைகல். பெத்த பிள்ளைடி."

அவள் பேனா அந்த வரியின் மேல் நின்றது. முற்றத்தில் திலெக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பது சன்னல் வழியே தெரிந்தது. குழந்தையாக இருந்தபோதும் அழுகை வந்தால் இப்படித்தான் ஏதாவது ஒரு மிருகத்தைக் கட்டிக்கொள்வான்.

"ரெண்டும் பெத்த பிள்ளைங்கதான் அத்தான்" என்றாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

பெகாயிம் தாளை வாங்கி நிறுத்தி நிதானமாகப் படித்தாள். அடியில், "அப்பா, இதில் இருப்பது எல்லாம் உண்மை. எனக்கு ஒரு செருப்பு எடுத்து வை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

உறையின் பசை காய்ந்துபோயிருந்தது. ஜூரா ஒன்றும் பேசாமல், நூடுல்ஸுக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு துளி கிள்ளி, தண்ணீரில் குழைத்து நீட்டினாள். சைகல் அதைத் தடவி, விரலால் அழுத்தி ஒட்டி, ஷர்ஷெனிடம் கொடுத்தாள். அவர் அதைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு காரில் ஏறினார்.

"அவங்க அப்பா என்னை அடிப்பாரே பாட்டி" என்றான் மக்சத், வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

"அடிப்பான்" என்றாள் குமுஷ், வாய் நிறையக் கறியோடு. "முதல்ல பெரியவரைக் கடுதாசியைக் கொடுக்கச் சொல்லிடு."