சோபாவில் படிந்தவர்

கடல்நீரில் ஒரு கண்ணாடித் தகட்டை முக்கி வைத்தால், முதலில் வந்து ஒட்டும் நுண்ணுயிர்தான் அதற்குச் சொந்தக்காரன். பின்னால் வருபவை வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஆய்வுக்கூடத்தில் அவள் வருடக்கணக்காகப் பார்க்கும் இந்தக் கூத்து, இப்போது வீட்டிலும் நடந்தது. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போக வந்த கணவனின் சித்தப்பா, மாதக்கணக்காகச் சோபாவில் படிந்து கிடந்தார். அவருடைய பழங்கதைகளுக்கு யாரும் காது கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

"போட்டிக்கு ஆள் விட்டாத்தான் இவர் கிளம்புவார்" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, வாய்த்துடுக்குக்குப் பேர்போன தன் பெரியம்மாவை வரவழைத்தாள். அதே வாரம் ஆய்வுக்கூடத் தொட்டியிலும், இடம்பிடித்த நுண்ணுயிருக்கு எதிராக ஒரு முரட்டு நுண்ணுயிரை இறக்கினாள்.

வெள்ளிக்கிழமை தொட்டியைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சண்டையே நடக்கவில்லை. முதலாவது கழித்துத் தள்ளியதை இரண்டாவது தின்று, இரண்டும் கொழுகொழுவென்று பெருகியிருந்தன.

அடித்துப்பிடித்து வீட்டுக்கு ஓடினாள். சோபாவின் ஒரு முனையில் சித்தப்பா கதை அளந்துகொண்டிருந்தார். மறுமுனையில் பெரியம்மா வாயைப் பிளந்து, "அப்புறம் என்னாச்சு, சொல்லுங்க!" என்றாள்.

கணவன் சமையலறைத் தரையில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். தொட்டியில் நடந்ததை அவள் சொல்லி முடித்ததும், "உன் தொட்டியில மத்த நுண்ணுயிரெல்லாம் எங்க போச்சு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"மூலைக்கு" என்றாள் அவள், தனக்கும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க."