பத்தரை மணி வெயில்

ஒரே பீப்பாய் வேப்பங்கொட்டைச் சாறு, ஒரே வடிதுணி, அடித்ததும் ஒரே ஆள். அப்படியிருந்தும் பாக்கியரத்தினத்தின் சோளன் காணியில் தெற்குப் பாதியில் புழு கறுத்துச் செத்துக் கிடந்தது. வடக்குப் பாதியில் குருத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஏன் என்று சனூஸாவுக்கு விளங்கவில்லை.

அவள் கிண்ணியாக்காரி. கமராவோடு திரியாய்க்கு வந்துபோய் ஆவணப்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தாள். பூச்சிமருந்துகளைப் பற்றிய முதற்பாதி முடிந்திருந்தது. முகமூடி இல்லாமல் மருந்தடிப்பவர்களும் குளத்தில் மருந்து டாங்கி கழுவுகிறவர்களும் அதில் இருந்தார்கள். மற்றப் பாதிக்கு, மருந்தில்லாமல் விளைந்த ஒரு காணி வேண்டும். அதற்குச் சம்மதித்தவர் பாக்கியரத்தினம் ஒருவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் மருந்தடித்துக்கொண்டிருந்தபோதே நுரை தள்ளி வரம்பில் விழுந்தவர் அவர். பிழைத்தெழுந்த நாளிலிருந்து அந்தப் போத்தலைத் தொடவில்லை. இந்த இரண்டு ஏக்கரும் விளையாவிட்டால் மறுபடி தொட வேண்டியதுதான்.

சனூஸா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். வேப்பங்கொட்டையை இடித்து, ஒரு இரவு ஊற வைத்து, பழைய சேலையில் வடித்திருந்தார்கள். அதில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்திருந்தார்கள். சோளன் இலையில் மெழுகு இருப்பதால் வெறும் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். சவர்க்காரத் தண்ணீர்தான் பரவி ஒட்டும். கொட்டை, தண்ணீர், டாங்கியின் மூக்கு, அடித்த நாள் எல்லாம் இரண்டு பாதிக்கும் ஒன்றுதான்.

புழுவையும் அவள் நன்றாக அறிந்திருந்தாள். சனம் அதைச் சேனாப் புழு என்கிறது. விரியாத குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே மேல்வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்து தின்னும். ஒரு குருத்துக்குள் இரண்டு இருந்தால் பெரியது சின்னதை நடுவில் கடித்துப் பிளந்துவிடும். அதைப் படம்பிடித்தபோது கடிபட்ட புழுவின் பின்பாதி வெகுநேரம் துடித்ததை அவள் கண்ணெடுக்காமல் பார்த்திருந்தாள்.

சனிக்கிழமை காலை, பக்கத்துக் காணிக்காரர் தவராசா தன் சோளன் குருத்தை விரித்துப் பார்த்தார். உள்ளே அதே புழு. நாடு முழுக்க இரசாயன உரமும் மருந்தும் தடைசெய்யப்பட்ட வருடத்தில் அவருடைய சோளன் பொத்தியில் மணியே பிடிக்கவில்லை. அன்றிலிருந்து இயற்கை என்ற சொல்லைக் கேட்டாலே காறித் துப்புவார். இன்று துப்பவில்லை. காட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வரம்பைத் தாண்டி வந்து, ஒரு கதையும் கதைக்காமல் வெட்டத் தொடங்கினார்.

பதினைந்து செடி சாய்ந்த பிறகுதான் பாக்கியரத்தினம் ஓடிவந்து அவருடைய தோளைப் பிடித்தார். தவராசா திரும்பிக் கத்திப்பிடியால் வாயில் இடித்தார். உதடு கிழிந்து இரத்தம் நாடியில் வழிந்தது. பாக்கியரத்தினம் வரம்பில் கிடந்த வெறும் டாங்கியை வாரோடு சுழற்றி அடித்தார். அதன் விளிம்பு தவராசாவின் காதைப் பாதியாகக் கிழித்தது. இருவரும் வாய்க்காலுக்குள் விழுந்து சேற்றில் புரண்டார்கள். ஒருவர் கழுத்தில் மற்றவரின் முழங்கால் ஏறியது. விலக்கப் போன சனூஸாவின் புருவத்தின் மேல் கத்தியின் முதுகு விழுந்தது. கண்ணுக்குள் இரத்தம் இறங்க அவள் குந்தினாள். விழுந்த கமராவைத் தவராசா குதிக்காலால் மூன்றுமுறை மிதித்தார். கண்ணாடி பொடியானது.

சத்தம் கேட்டு வந்த நாலு பேர் அவரை நிலத்தோடு அமுக்கிப் பிடித்தார்கள். மூச்சு வாங்க, அவர் சனூஸாவைப் பார்த்துச் சொன்னார்:

"உங்கட படம் முடிஞ்சால் நீங்கள் வீட்டை போயிடுவீங்கள், தங்கச்சி. புழு எங்கை போகும்? என்ர காணிக்கெல்லோ வரும்."

பிறகு பாக்கியரத்தினத்தின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"வாற வெள்ளி வரைக்கும் பாப்பன். வடக்கால புழு நிண்டால் முழுக்க வெட்டிக் கொளுத்துவன். மறிச்சால் உன்னையும் வெட்டுவன், பாக்கியம்."

பாக்கியரத்தினம் வாய்க்குள் விரலை விட்டு உடைந்த பல் ஒன்றை எடுத்து அவர் பக்கம் எறிந்தார். "இந்தா. உன்ர சோளனுக்கு உரமாப் போடு."

ஆஸ்பத்திரியில் சனூஸாவுக்கு ஏழு தையல். பின்னேரம், பாக்கியரத்தினத்தின் உதட்டைத் தைக்கும்வரை வெளிவாங்கில் காத்திருந்தபோது, மிதிபட்ட கமராவிலிருந்து மெமரி காட்டைக் கழற்றி மடிக்கணினியில் போட்டாள். படமாவது மிஞ்சியதா என்றுதான் பார்த்தாள்.

வடக்குப் பாதி. பாக்கியரத்தினம் முதுகில் டாங்கியோடு நடக்கிறார். அவருடைய நிழல் காலடியில் சாக்குத்துண்டுபோல் சுருண்டு கிடக்கிறது. மூலையில் நேரம்: பத்து முப்பத்திரண்டு. அந்த நேரத்தில் அடிக்கச் சொன்னவள் அவள்தான். வெளிச்சம் நல்லாயிருக்கும், கிண்ணியாவுக்குத் திரும்ப பஸ்ஸும் பிடிக்கலாம்.

தெற்குப் பாதியை அவள் எடுக்கவில்லை. அவர் தன்னுடைய போனை வேலிக்கட்டையில் செருகி வைத்து எடுத்து அனுப்பியிருந்தார். இதுவரை பார்க்காத அதைத் திறந்தாள். அதே மனிதர், அதே டாங்கி. நிழல் மட்டும் ஆறு வரிசை சோளனைத் தாண்டி நீண்டு கிடந்தது. கீழே எழுதியிருந்தார்: மிச்சத்தை வெயில் தாழ அடிச்சனான்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வேம்பின் வீரியம் நேர்வெயிலில் நிற்காது. அடித்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கிவிடும். புழுவோ வெயிலுக்குப் பயந்து பகல் முழுக்கக் குருத்தின் அடியில் கிடக்கும். பொழுது சாயத்தான் மேலே வந்து தின்னும். பத்தரைக்கு அடித்த சாறு, புழு மேலே வருமுன் காய்ந்து வலுவிழந்திருக்கும். மாலையில் அடித்ததைப் புழு ஈரத்தோடு தின்றிருக்கும். படம் வடிவாக வர வேண்டுமென்று அவள் கேட்ட வெயில்தான் வடக்குப் பாதியைக் கெடுத்தது.

வெளியே வந்த பாக்கியரத்தினத்திடம் அவள் எல்லாவற்றையும் சொல்லி, பிழை தன்னுடையது என்றாள். வீங்கிய உதட்டால் அவருக்குச் சரியாகக் கதைக்க முடியவில்லை. கொட்டை இன்னும் அரை மூட்டை கிடக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவே கொட்டையை இடித்து ஊற வைத்து, ஞாயிறு மாலையிலிருந்து இருவரும் வடக்குப் பாதியில் அடித்தார்கள். மேலால் தூவாமல், ஒவ்வொரு குருத்தின் வாயிலும் டாங்கியின் மூக்கை வைத்து நிறைத்தார்கள். திங்களும் செவ்வாயும் அதேபோல்.

வெள்ளிக்கிழமை காலை தவராசா காதுக்கட்டோடும் கத்தியோடும் வந்தார். பின்னால் இரண்டு பேர். பாக்கியரத்தினமும் கையில் கத்தியோடு வரம்பில் நின்றார். தவராசா முதல் குருத்தைப் பிய்த்தார். உள்ளே ஒரு புழு மெல்ல அசைந்தது. அவருடைய கத்தி உயர்ந்தது.

சனூஸா இடையில் போய் அந்தப் புழுவை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அது கடிக்கவில்லை, சுருளவில்லை, நூல்போல் துவண்டு கிடந்தது. வாயை அசைக்க அதற்குச் சக்தி இருக்கவில்லை. அடுத்த குருத்தில் கறுத்த தோல். அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. தவராசா வரிசை வரிசையாக முப்பது செடியைப் பிய்த்தார். பிறகு கத்தியை நிலத்தில் குத்திவிட்டு, கையிலிருந்த புழுவைப் பெருவிரலால் நசித்தார்.

"என்ன செய்தனீங்கள்?"

பாக்கியரத்தினம் சனூஸாவைப் பார்த்தார்.

"வேப்பங்கொட்டைச் சாறை அஞ்சரைக்குப் பிறகு, வெயில் தாழத்தான் அடிக்க வேணும், அண்ணன்," என்றாள் அவள். "மூண்டு நாள் விடாமல், குருத்துக்குள்ள நிறைய விட வேணும்."