செவலை படுத்த கூடை

அடி மட்டும் முடைந்து நின்றுபோன கூடை, சுற்றிலும் பச்சை வயர்கள் நீட்டிக்கொண்டிருக்க, மல்லாந்து செத்த நண்டு மாதிரிக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, அதன் நடுவில் செவலையின் மயிர் வட்டமாக ஒட்டியிருக்கிறது, பூனை படுத்து எழுந்துபோன அச்சு அப்படியே, நான் அதைத் தட்டவில்லை, சந்தனமாரி கட்டிலில் கிடந்தபடியே இடது கையைக் கீழே தொங்கவிட்டு அந்த மயிரைத் தடவுகிறாள், தடவிக்கொண்டே இருக்கிறாள், செவலை வந்துட்டாளா என்று கேட்கவில்லை, கேட்டால்கூடப் பரவாயில்லை, எதையாவது சொல்லி வாயை அடைக்கலாம், கேட்காதவளிடம் என்னத்தைச் சொல்ல. என் பெண்சாதிக்கு இப்போது அந்த ஒரு கைதான், வலது பக்கம் முழுசும் விழுந்துவிட்டது, கண்ணில் புரை வேறு, நிறம் தெரியும், முகம் தெரியாது, யார் வந்தாலும் தொட்டுப் பார்த்துத்தான் பேர் சொல்வாள், விழுந்த அன்றைக்கும் இந்தக் கூடையைத்தான் முடைந்துகொண்டிருந்தாள், சிவன்கண் கூடை, முடிச்சுக்கு முடிச்சு ஒரு கண் திறந்து பார்ப்பது மாதிரி வரும், புடலைப் பந்தலுக்கு அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள், நான் பிஞ்சுகளின் நுனியில் கல் கட்டிக்கொண்டிருந்தேன், கல் கட்டாவிட்டால் புடலை சுருண்டுகொள்ளும், சந்தையில் எவனும் தொடமாட்டான், கட்டுகிறதற்கு அவள் நறுக்கிப்போட்ட துண்டு வயர்தான், அதில் ஒன்றைச் செவலை கவ்விக்கொண்டு கத்திரிப் பாத்திக்குள் ஓடுகிறாள், ஏட்டி களவாணி, கொண்டா இங்கன என்று சந்தனமாரி கத்துகிறாள், கத்திவிட்டு, இந்தாருங்க, இந்தக் கை நான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு என்றாள், நீ என்னைக்கு எம் பேச்சக் கேட்ட, அதான் உங்கை உம் பேச்சக் கேக்கல என்றேன் நான், சிரிப்பாள் என்று நினைத்தேன், சத்தம் இல்லை, திரும்பிப் பார்த்தால் வயர் மடியில் நழுவிக் கிடக்கிறது, வாய் ஒரு பக்கமாகப் போகிறது, வலது கை புடலம்பிஞ்சில் கல் கட்டினதுபோல் நேராகத் தொங்குகிறது.

ஆஸ்பத்திரியில் போகப் போகச் சரியாயிரும் என்றார்கள், போகப் போக என்கிறவனை நான் எந்தக் காலத்திலும் நம்பினதில்லை, திரும்பி வந்தபோது அந்தக் கூடைக்குள் செவலை படுத்திருந்தாள், எழுந்திரு என்று காலால் நெம்பினேன், எழுந்திருக்கவில்லை, பூனையோடு சேர்த்துக் கூடையை இழுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டேன், அதுவே வழக்கமாகிவிட்டது, சந்தனமாரியின் கை இறங்கும், செவலை தலையால் முட்டுவாள், அப்புறந்தான் கஞ்சிக்கு வாய் திறக்கும், முட்டுகிற சத்தம்கூட எனக்குத் தெரியும், அந்தப் பூனை போய்விட்டது. வெயில் காய வெளியே போனது திரும்பவில்லை, கிணற்றில் எட்டிப் பார்த்தேன், வாழைத்தூருக்குள் பார்த்தேன், கனகாம்பரப் பாத்தியில் அவள் உடம்பைப் புரட்டுகிற குழி இருந்தது, அவள் இல்லை, பக்கத்து வீட்டுச் செல்லக்கனி வேலிக்கு மேலே தலையை நீட்டி, கெழட்டுப் பூன மாமா, சாகப்போற பூன வீட்டுல கெடக்காது, மறைவாப் போயிரும் என்றாள், மறைவாப் போச்சோ, ஓங்கோழிக்குஞ்சத் தூக்குச்சுன்னு நீதான் சோத்துல எதையும் வச்சியோ என்றேன், ஆமா, பூனைக்கு வச்சவ கையோட உங்களுக்கும் வச்சிருக்கணும், விட்டுட்டேன், அதான் தப்பு என்றாள், சொல்லிவிட்டு அவளே கள்ளிப் புதரெல்லாம் கூட வந்து தேடினாள், தேடுகிறவளைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும் என்று நான் நினைத்தேன், அப்படித்தான் என் புத்தி. வீட்டில் சந்தனமாரியின் வாய் பூட்டிக்கொண்டது, கரண்டி பல்லில் இடிக்கும், கஞ்சி கடைவாயில் இறங்கிக் கழுத்துக்குப் போகும், ரெண்டு வாய் சாப்பிடு சந்தனம் என்றால் பசிக்கல என்பாள், முதுகு துடைக்கும்போது விலா எலும்பு துணியில் தட்டுப்பட ஆரம்பித்தது, இந்தப் போக்கில் போனால் இவள் தங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று, மத்தியானம் கண்ணயர்ந்தால் பந்தல் வருகிறது, அவள் பழைய நடையில் பந்தலுக்குள் போகிறாள், புடலங்காய்களை ஒதுக்கி ஒதுக்கிப் போகிறாள், ஒதுக்கின காயெல்லாம் கையாக இருக்கிறது, நுனியில் கல் கட்டின கை, அவளுக்குப் பின்னால் செவலை வாலைத் தூக்கிக்கொண்டு போகிறாள், நான் கூப்பிடுகிறேன், இரண்டு பேரும் திரும்பவில்லை.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குருவையா டீக்கடை வைத்திருக்கிறான், அவன் டீயை நான் நம்புவதில்லை, ஒரே தூளை விடிந்ததிலிருந்து அடையும்வரை வடிகட்டுவான், ஆனாலும் போவேன், அன்றைக்குப் போனபோது கடைக்குப் பின்னால் விறகுக் குவியலில் இருந்து ஒரு பூனை இறங்கி வந்தது, செம்பட்டை நிறம், கழுத்தில் வெள்ளை, பார்த்ததும் செவலை என்று கூப்பிட்டுவிட்டேன், பிறகு பார்த்தால் வாலில் வளையம் இருக்கிறது, செவலைக்குக் கிடையாது, வளையம் சந்தனமாரி கண்ணுக்குத் தெரியவா போகிறது, நிறம் தெரிந்தால் போதாதா என்று மனசு ஓடியது, மறுநாள் சாளை மீன் தலையும் சாக்குமாகப் போனேன், பசி பிடித்த பூனை, சாக்குக்குள் தானாகவே தலையைக் கொடுத்தது, சாக்கு வாயைக் கட்டித் தோளில் போட்டேன், என்ன அண்ணாச்சி, முயலா, எங்களுக்கெல்லாம் கறி கெடையாதா என்றான் குருவையா, ஓங்கடையில போடுத தூளு, தோட்டத்துக்கு ஒரமா போடலாம்னு அள்ளிட்டுப் போறேன் என்றேன், பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள், சாக்கு என் முதுகில் நெளிந்தது, பூனையின் அடிவயிறு வெதுவெதுவென்று முதுகில் பட்டது, பட்டதே, அது எதனால் என்று அந்த நேரம் தோன்றவில்லை, என் நினைப்பெல்லாம் கஞ்சிக்குத் திறக்கப்போகிற வாயில் இருந்தது.

புதுப் பூனையை அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினால்தான் வீட்டில் தங்கும், இது சந்தனமாரியின் சட்டம், வந்த பூனை எல்லாவற்றையும் அவள் அப்படித்தான் சுற்றினாள், கருவாச்சியை, மீசையை, செவலையின் தாயை, அப்போது மண்ணடுப்பு, இப்போது கேஸ் அடுப்பு சுவரோடு ஒட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் சுற்ற, சிலிண்டரை நகர்த்தி நடுவில் வைத்து அதைச் சுற்றினேன், சிலிண்டர் உருண்ட சத்தம் கேட்டு உள்ளே இருந்து, கேஸ் தீந்துட்டா என்றாள், இல்ல இல்ல, நீ கெட, ஒரு ஆள் வந்துருக்கா என்றேன், பூனையைக் கொண்டுபோய்க் கூடைக்குள் விட்டேன், அது செவலையின் மயிரை மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது, நான் கழுத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன், செவலைதான், வந்துட்டா, மெலிஞ்சுபோயி வந்துருக்கா என்றேன், சந்தனமாரியின் முகத்தில் ஓடினதை நான் பார்த்தேன், அதைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு, கோணின வாய் நேரானது மாதிரி இருந்தது, கை இறங்கியது, தலையைத் தொட்டது, காதைத் தொட்டது, முதுகு வழியாக வால் நுனிவரை போனது, திரும்பி வயிற்றுக்கு வந்தது, அங்கே நின்றது. அந்த ஒற்றைக் கை ஒவ்வொரு காம்பாகப் போனது, வயரில் முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரியே போனது, இந்தாருங்க, பால் கட்டியிருக்கு என்றாள். நான் பூனையின் கழுத்தை இன்னும் அமுக்கினேன். எங்கருந்து தூக்கிட்டு வந்திய என்றாள். நம்ம செவலைதான் என்றேன் திரும்பவும். செவலைக்குப் பாலு வத்தி எத்தன வருசம், எங்கிட்டயே கதையா, இது பச்ச உடம்பு, குட்டி கண்ணு முழிச்சிருக்காது என்றாள், நாக்கு குழறினாலும் வார்த்தை எல்லாம் தெளிவாக வந்தது, வாயால கவ்வி இழுக்குமே, இந்நேரம் பசியில கத்துமே, ஓடுங்க, கொண்டுபோயி விட்டுட்டு வாங்க, எனக்காவ நீங்க இப்பிடி ஒரு காரியத்தச் செய்யலாமா என்றாள். கஞ்சி அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தது. நீ ரெண்டு வாய் குடி, போறேன் என்றேன். நீங்க விட்டுட்டு வந்த பொறவு குடிக்கேன் என்றாள், குடிக்கிறேன் என்று அவள் சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சாக்கை எடுத்தேன்.

சாக்குக்குள் அது இந்தத் தடவை நெளியவில்லை, போகிற பக்கம் தெரிந்தது மாதிரி சும்மா இருந்தது, வேகமாக நடந்தேன், கேட் போட்டிருந்தது, கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை, கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் விறகுக் குவியல் இல்லை, விறகு கிடந்த தடம் ஈரமாக இருக்கிறது, பழைய துணி ஒன்று சுருண்டு கிடக்கிறது, அவ்வளவுதான், குருவையா பின்னாலேயே வந்தான், வெறகு பூராவையும் கல்யாண வீட்டுக்கு அள்ளியாச்சு அண்ணாச்சி, அடியில பூனக்குட்டி, தாயக் காணோம், எங்க போய்த் தொலைஞ்சுதோ, வெறக எடுத்ததுலேருந்து ஒரே கத்து, வண்டிக்காரன்கிட்ட சாக்குல போட்டுக் குடுத்துட்டேன், ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுருன்னேன், தண்ணி தாண்டுனா திரும்பி வராதுல்லா என்றான். கண்ணு முழிக்காதது எங்கல திரும்பி வரும் என்றேன். அவன் என் தோளில் இருந்த சாக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இப்போது முயலா என்று கேட்கவில்லை, கண்ணாடித் தம்ளரைக் கழுவப் போய்விட்டான், அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, நானும் அப்படித்தான் எத்தனையோ பூனையைத் தண்ணீர் தாண்டி விட்டிருக்கிறேன். ஆற்றுக்குப் போனேன், ஆற்றில் ஏது தண்ணீர், பேருக்கு ஒரு வாய்க்கால் மணலுக்குள் ஓடுகிறது, வண்டித்தடம் அதில் இறங்கி அந்தப் பக்கம் ஏறுகிறது, ஏறின இடத்தில் சாக்கு கிடந்தது, வாய் அவிழ்ந்திருந்தது, அவிழ்த்து விட்டிருக்கிறான், நல்லவன்தான், மணலில் சின்னச் சின்னதாக இழுபட்ட தடம், கொஞ்சத் தூரம் போய் நின்றுவிட்டது, அதற்குப் பக்கத்தில் நாயின் கால் தடம், மேலே பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது, நான் என் சாக்கை அவிழ்த்தேன், பூனை தலையை மட்டும் வெளியே நீட்டி அந்த மணலை மோந்தது, ஒரு சத்தம் கொடுத்தது, மியாவ் இல்லை அது, தொண்டைக்குள்ளேயே உருளுகிற சத்தம், குட்டியைக் கூப்பிடுகிற சத்தம், கூப்பிட்டுவிட்டுக் காதை முன்னால் நீட்டி இருந்தது, காற்றுதான் வந்தது, போ என்றேன், போகவில்லை, எங்கே போகும்.

தோட்டத்து வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தேன், கல் கட்டாத புடலங்காய் எல்லாம் சுருண்டு தொங்குகிறது, நான் இனிமேல் அதற்கெல்லாம் கல் கட்டப்போவதில்லை, விட்டுட்டு வந்தியளா என்று உள்ளேயிருந்து கேட்டாள், விட்டாச்சு, தாயும் பிள்ளையும் சேந்தாச்சு, நீ குடி என்றேன், கஞ்சியைச் சூடாக்கிக் கரண்டியில் ஊதிக் கொண்டுபோனேன், அவள் வாயைத் திறந்தாள், திறந்தாள், கரண்டி உதட்டில் படுகிற நேரத்தில் பூனையோடு தூக்கி வந்து பின்வாசலில் போட்டிருந்த சாக்கில் இருந்து அந்தச் சத்தம் வந்தது, தொண்டைக்குள் உருளுகிற சத்தம், கரண்டி நின்றது, சந்தனமாரி பல்லைக் கடித்தாள், திட்டியிருக்கலாம், முகத்தை மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. பூனை சாக்கை உதறிவிட்டு வீடு முழுக்க நடந்தது, பானைக்குப் பின்னால் பார்த்தது, சிலிண்டருக்குப் பின்னால் பார்த்தது, என் காலைக் கடந்து கட்டிலுக்கு அடியில் போய்க் கூடைக்குள் இறங்கியது, செவலையின் அச்சுக்குள்ளேயே உடம்பைச் சரித்து, கால்களை அகற்றி, வயிற்றை வெளிப்பக்கம் காட்டிப் படுத்துக்கொண்டு கூப்பிடுகிறது, கூப்பிட்டுவிட்டு நிறுத்துகிறது, மறுபடி கூப்பிடுகிறது, பச்சை வயர்கள் அதைச் சுற்றி நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கின்றன, சந்தனமாரியின் கை கட்டிலுக்குக் கீழே இறங்கவில்லை, பால் தானாகக் கசிந்து, மயிரை நனைத்து, சந்தனமாரி கூடையில் போட்ட கண்கள் வழியாகச் சிமெண்டுத் தரையில் சொட்டுகிறது, நான் குத்தவைத்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கஞ்சிக் கரண்டி இன்னும் என் கையில் இருக்கிறது, சுவர் ஓரத்தில் இருந்து எறும்பு வர ஆரம்பித்துவிட்டது.