நாலு கோடும் நின்றது

அச்சகத்தில் பெரிய மெஷின் ஓட்டுகிறவரை அங்கே எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். பொருந்துகிற ஒன்று கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிட வேண்டும். டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்குவாள். அதனால், "என் நம்பரை மட்டும் குடுப்போம், நான் பாத்துக்கறேன்" என்று சொன்னதும் அவர்தான்.

பார்த்துக்கொள்ளவும் செய்தார். மெஷின் இரைச்சலில் மணியடித்தால் காதில் விழாது. போனைக் கண்ணெதிரே சாய்த்து வைத்துக்கொண்டு, தாள் ஓடும்போதே ஓரக்கண்ணால் சிக்னலைப் பார்ப்பார். நாலு கோடும் நின்றால் மூச்சு சீராக வரும். ஒன்று குறைந்தாலும் ஜன்னலோரம் ஓடுவார். அந்தப் போனை அவர் அணைத்ததே இல்லை. அணைத்த நிமிஷம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டால்?

"என் சக்களத்தியைக் கொஞ்சம் கீழ வெச்சுட்டுச் சாப்பிடுங்க" என்பாள் அவள்.

அந்த வியாழக்கிழமை போன் வாயே திறக்கவில்லை. கடன் வேண்டுமா, வீடு வேண்டுமா என்று கழுத்தறுக்கிற கூட்டம்கூடக் கூப்பிடவில்லை. மாஸ்டருக்கு அது நிம்மதியாகவே இருந்தது. கோடுகள் நாலும் அசையாமல் நின்றன.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"என்னங்க, போனுக்கு என்ன ஆச்சு? எங்க அக்கா மத்தியானத்துலேர்ந்து உங்களுக்குப் போடுறாளாம். தொடர்பு எல்லைக்கு வெளியிலன்னே வருதாம்."

"யாரு சொன்னா? இதோ பாரு, ஃபுல்லா இருக்கு."

காட்டிக்கொண்டே மனைவியின் நம்பருக்குப் போட்டுப் பார்த்தார். போகவில்லை. மறுபடி போட்டார். முதல்முறையாகப் போனை அணைத்து, திரும்பப் போட்டார்.

கோடுகள் மறைந்து, வந்தன. அப்புறம் தவறிய அழைப்புகளின் தகவல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. அக்காவுடையது போக, மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி நம்பர்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். எடுத்த பெண்ணுக்குக் குரலிலேயே ஆள் தெரிந்துவிட்டது.

"சார், எங்க சார் போயிட்டீங்க? எவ்வளவு நேரம் போட்டோம் தெரியுமா?"

"இதோ வந்துடறோம்மா. வண்டி வாசல்லயே நிக்குது." வாசலில் எந்த வண்டியும் இல்லை.

"அடுத்தவங்களை உள்ள எடுத்தாச்சு சார். ஆபரேஷன் நடந்துட்டிருக்கு."

மறுநாள் போன் கடைக்குப் போனார். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன்ல ஒரு குறையும் இல்லைங்க. டவர் பேசறது போனுக்குக் கேக்குதுன்னுதான் அந்தக் கோடு சொல்லும். போன் பேசறது டவருக்குக் கேக்குதான்னு அதுக்குத் தெரியாது. சில நேரம் உள்ள ஹேங் ஆயிடும், கோடு மட்டும் அப்படியே நிக்கும். அப்பப்ப அணைச்சுப் போட்டா சரியாயிடும். கடைசியா எப்ப அணைச்சீங்க?"

மாஸ்டர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நாள் தவறாமல் மெஷினை நிறுத்தித் துடைத்துவிட்டு ஓட்டுகிற ஆள் அவர்.

வீட்டில் அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

"யாருக்குங்க கெடைச்சுது?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியலம்மா."

"சின்ன வயசா இருந்தா நல்லது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்குவதை அவர் பார்த்தார். தொடப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அப்படியொரு அழைப்பு வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவள் இதயமும் தளர்ந்துபோனது. ஆபரேஷனைத் தாங்காது, பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டியிருக்கிறது என்று டாக்டர் நேரில் உட்காரவைத்துச் சொன்னார். மாஸ்டர் என்னென்னவோ கேட்டார். டாக்டர் பொறுமையாக அதையே திரும்பச் சொன்னார்.

வெளியே வந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாங்க."

படியில் உட்கார்ந்தார்கள். ஊசி ஏறி ஏறி அவள் இடது கை நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தது. அவர் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது, போனது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.